நாலாவது மாடி வரைக்கும் ஒரு கதை

தரையில் நடக்கும்போது லாத்தாவைப் பேச்சில் யாராலும் முந்த முடியாது. குளுவாங் ஊர்ச் சந்தையான பாசாரில் மீன்காரச் சீனரிடம் மலாயில் ஒரு சண்டை, உருளைக்கிழங்குக்கார அண்ணனிடம் தமிழில் ஒரு சண்டை, திரும்பி வரும் வழியில் அந்த இரண்டு சண்டையையும் எனக்கு மறுபடி நடித்துக் காட்டுவது. இப்படியே எங்கள் ஃபிளாட் வந்துவிடும். படிக்கட்டின் அடியில் நின்று பையைக் கை மாற்றிக்கொள்வார்.

"சரி புள்ள, இப்ப நீ சொல்லு."

அதோடு அவர் பேச்சு நின்றுவிடும். நாலாவது மாடி வரைக்கும் நான்தான் பேச வேண்டும். அவர் நடுநடுவே ஒரே ஒரு வார்த்தை போடுவார். "அப்புறம்?"

அவர் வீட்டு உறவுக்காரர்கள் எல்லாரும் அவரை லாத்தா என்று கூப்பிடுவார்கள். அவர்கள் பக்கத்தில் அக்காவை அப்படித்தான் சொல்வார்களாம். எதிர்வீட்டில் இருந்த எனக்கும் அவர் லாத்தாதான். கணவர் இறந்த பிறகு டீக்கடைகளுக்குக் கரிபாப் பலகாரம் பொரித்துக் கொடுத்து, தன் சோற்றைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே மகன். ஜொகூர் பாருவில் வீடு, சிங்கப்பூரில் வேலை. "வந்துடுங்கம்மா" என்று அவர் கூப்பிடுவதும், "அடுத்த நோன்புக்குப் பாப்போம்" என்று இவர் சொல்வதும் வருஷம் தவறாமல் நடக்கும்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் படிவம் இரண்டோடு, பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள். பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுகிறேன். சின்ன வயதிலிருந்தே பயந்தவள். மழை வந்தால் இடி விழுமோ என்று பயம், மழை நின்றால் கொசு வருமே என்று பயம். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது, மருத்துவர் என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். படம் எடுத்துப் பார்த்தார்கள். இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை, கொஞ்சம் ரத்தம் பின்னால் கசிகிறது என்றார்கள். "லேசானதுதான், பயப்பட ஒண்ணுமில்ல. வருஷத்துக்கு ஒருதடவை வாங்க. ஏதாவது மாற்றம் தெரிஞ்சா உடனே வாங்க."

வேறு யாராக இருந்தாலும் "பயப்பட ஒண்ணுமில்ல" என்பதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பார்கள். நான் "மாற்றம் தெரிஞ்சா" என்பதைப் பிடித்துக்கொண்டு வந்தேன். என்ன மாற்றம் என்று விடாமல் கேட்டும் தெரிந்துகொண்டேன். படி ஏறினால் மூச்சு வாங்குவது, கால் வீங்குவது, மட்டமாகப் படுக்க முடியாமல் போவது, தலை சுற்றுவது, காரணமில்லாமல் நெஞ்சு வேகமாக அடிப்பது. அன்றையிலிருந்து என் நெஞ்சுக்கு நானே காவல்காரி ஆனேன். காலையில் எழுந்ததும் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பள்ளம் விழுகிறதா என்று பார்ப்பேன். மோதிரம் இறுகினால் பயம், வளையல் கழன்றால் பயம்.

என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். அவருக்கு எஞ்சின் சத்தம் மட்டும்தான் சத்தம். "காப்பி குடிச்சா எல்லாருக்கும்தான் நெஞ்சு அடிக்கும். படு" என்பார். மாமியார் வீட்டில் என் பேச்சை எடுத்தாலே சிரிப்பார்கள். தொழிற்சாலையில் என் தோழிகளுக்கும் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

சலிக்காமல் கேட்டவர் லாத்தா ஒருவர்தான்.

"நேத்து சோறு வடிக்கும்போது நெஞ்சு ஒரு குதி குதிச்சிச்சு லாத்தா."

"அப்புறம்?"

"உக்காந்துட்டேன். நின்னுடுச்சு. ஆனா நின்னதும் பயமாயிடுச்சு, ஒரேயடியா நின்னுடுச்சோன்னு."

அவர் தோள் குலுங்கும். சிரிக்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதில் கேலி இருக்காது. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, என் முகத்தையே பார்ப்பார். எனக்கு அதில் எவ்வளவு பெருமை தெரியுமா? என் கதைக்காக ஒரு மனுஷி ஏறுவதையே நிறுத்திவிட்டுக் கேட்கிறார்! நாலாவது மாடி வருவதற்குள் என் பயத்தில் பாதி கீழே எங்கோ படியிலேயே இறங்கிப் போயிருக்கும்.

அவர் மருத்துவமனைக்குக் கிளம்புவது தனிக் காட்சி. பிரஷர் மாத்திரை வாங்க அரசாங்கக் கிளினிக்குக்குப் போக வேண்டிய நாள் வந்தால், முதல் நாளே அடுப்பைத் தொடமாட்டார். கரிபாப் கிடையாது, பாசார் கிடையாது. உப்புக் குறைத்துச் சாப்பிட்டு, சாய்வு நாற்காலியில் கால் நீட்டி ஓய்வெடுப்பார். மறுநாள் மலாய் உடுப்பான பாஜு குரோங், தேய்த்தது, முகத்துக்குப் பவுடர், மணிக்கட்டில் அத்தர்.

"எங்க லாத்தா, கல்யாணமா?"

"டாக்டரு முன்னால நோயாளி மாதிரியா போயி நிக்கிறது? என்ன நெனப்பாங்க?"

விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைக் கூட்டி வைப்பதுபோல, மருத்துவர் பார்க்கப்போகிறார் என்று தன் உடம்பைக் கூட்டி வைத்துக்கொண்டு போவார். உள்ளே போனதும் மருத்துவர் மலாயில் "அப்பா காபார், மச்சிக்?" என்று கேட்பார். எப்படி இருக்கிறீர்கள் அம்மா என்று ஒருவர் கேட்டால் நல்லா இருக்கிறேன் என்பதுதானே மரியாதை? "பாய்க், டாக்டர், பாய்க்!" என்பார் இவர். மாத்திரையோடு வெளியே வந்துவிடுவார். நானும் ஒருதடவை கூடப் போயிருக்கிறேன். நோயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மருத்துவரின் மாமியார் நல்லவரா என்று மட்டும் விசாரித்துவிட்டு வந்தார்.

ஒரு சமயம் அவர் தன் கணவருடைய பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். பெரிய கறுப்புச் செருப்பு, நடந்தால் பட் பட் என்று அடிக்கும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் புருஷன் ஞாபகம் பாருங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நான் செத்தா நீ என் பூட்ஸப் போட்டுக்கிட்டு நடப்பியா?" என்றார். நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்கு நெடுநேரம் சிரித்தோம்.

அந்த வருஷம் நான் கார் ஓட்டப் பழகினேன். என் வாழ்க்கையில் நானாகத் துணிந்து இறங்கிய காரியம் அது ஒன்றுதான். என்னைத் தள்ளிவிட்டதும் லாத்தாதான். "கணுக்கால அமுக்கிக்கிட்டே எத்தன நாளு உக்காந்திருப்ப? அதே கால கிளட்சுல வையி." அதனால் படிக்கட்டுக் கதைகள் கார் கதைகளாக மாறின. கியர் விழாத கதை, முன்னால் போன மோட்டார் சைக்கிள்காரரைப் பார்த்து நான் கத்திய கதை. கடைசியாகப் புக்கிட் கதை.

லைசன்ஸ் எடுத்தவர்களுக்குத் தெரியும். ஒரு சின்ன மேடு. பாதி ஏற்றத்தில், மஞ்சள் கோட்டில் காரை நிறுத்த வேண்டும். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, பிறகு பின்னால் வழுக்காமல் மேலே ஏற்ற வேண்டும். அதற்குப் பெயர் புக்கிட். அங்கே நின்றபோது என் நெஞ்சு அடித்த அடி, பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்த சீன மாஸ்டருக்கே கேட்டிருக்கும்.

"எனக்கு ஒரே சந்தேகம் லாத்தா, இது வால்வா, பயமா? யோசிச்சிக்கிட்டே ஹேண்ட் பிரேக்க விட்டேன். வண்டி பின்னால போகுது!"

"அப்...புறம்?"

"மாஸ்டர் ரெண்டு கண்ணையும் மூடிக்கிட்டு 'ஐயோயோ அக்கா!'ன்னு கத்துறாரு..."

அதற்குள் நாலாவது மாடி வந்துவிட்டது. உள்ளே என் சின்னவள் அழுதாள். மிச்சம் நாளைக்கு என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

அந்த மிச்சத்தைச் சொல்ல முடியாமல் போனது. மறுநாள் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சுத்தமாகக் குரல் இல்லை. அப்படியே லாத்தாவோடு பாசாருக்குப் போனேன், வந்தேன். படிக்கட்டின் அடியில் அவர் பையைக் கை மாற்றினார்.

"சரி புள்ள, சொல்லு."

தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தேன்.

"ஐயோ, அலமாக்." அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "அப்ப... செத்த நின்னு போவமா? காத்து வருது."

காற்றே இல்லை. நான் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறினேன். முதல் திருப்பத்தில் ஒரு சத்தம் கேட்டது. மேல் மாடியில் யாரோ ஈர்க்குமாற்றால் சிமெண்டுத் தரையைப் பெருக்குகிறார்கள் என்று நினைத்தேன். நான் நின்றேன். சத்தம் நிற்கவில்லை. மேலிருந்து வரவில்லை, எனக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரும்பிப் பார்த்தேன். லாத்தா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சை அள்ளிக்கொண்டிருந்தார். உதட்டில் நிறமே இல்லை. நான் பார்ப்பதைப் பார்த்ததும் வாயை மூடிச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

இத்தனை நாளும் இந்தச் சத்தத்தை என் பேச்சால் நானே மூடி வைத்திருந்தேன்.

படியிலேயே உட்கார்ந்து அவர் காலை இழுத்தேன். அந்தப் பெரிய செருப்பைக் கழற்றிவிட்டு, எனக்கு நான் செய்வதைப்போலவே கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரலை எடுத்தேன். பள்ளம் அப்படியே நின்றது. எத்தனையோ காலையில் நான் பயந்து பயந்து தேடிய பள்ளம். என் காலில் ஒருநாளும் விழாதது.

"விடு புள்ள, கூசுது."

"எவ்ளோ நாளா?" என்றேன். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது.

அவரும் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு அடங்கிய பிறகுதான் சொன்னார்.

"உன் சின்னது தவழ ஆரம்பிச்சுதே, அப்பலேருந்து. நீ சொல்றது ஒவ்வொண்ணும் எனக்கும் இருந்துச்சு புள்ள. படுத்தா முடியல, நாக்காலியிலதான் தூக்கம். ஆனா நீ டாக்டர பாத்துட்டு வந்து, பயப்பட ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க லாத்தான்னு சொல்லுவல்ல? எனக்கும் சேத்துதான் சொன்னாங்கன்னு வச்சிக்கிட்டேன்."

கழற்றிய செருப்பை அவர் காலடியில் சேர்த்து வைத்தேன்.

"மவனுக்குத் தெரிஞ்சா தூக்கிட்டுப் போயிடுவான். பன்னெண்டாவது மாடி அவன் வீடு. அங்க யாருக்கு நான் கரிபாப் போடுறது? யாருகிட்ட பேசுறது?"

அவர் பயமும் என் பயமும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் செத்துவிடுவேனோ என்று பயந்தேன். அவர் இருக்கும் இடத்திலிருந்து கிளப்பிவிடுவார்களோ என்று பயந்தார். அதற்காகச் சாவதற்குக்கூடத் தயாராக இருந்தார் போலிருக்கிறது.

அன்றைக்கே கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஓய்வெடுக்க விடவில்லை, உடுப்பு மாற்ற விடவில்லை. ஆனால் என் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் பவுடர் மட்டும் பூசிக்கொண்டார். அந்த இளம் மலாய்ப் பெண் மருத்துவர் வழக்கம்போலச் சிரித்தார்.

"அப்பா காபார், மச்சிக்?"

"பாய்க், டாக்டர், பாய்க்!"

நான் எழுந்து நின்று மருத்துவரின் காதருகே குனிந்தேன். எனக்கிருந்த காற்றுக் குரலில், எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். "டாக்டர், இவரைப் படி ஏறச் சொல்லுங்கள்."

மருத்துவர் என்னை ஒரு மாதிரிதான் பார்த்தார். ஆனாலும் எழுந்தார். அந்தக் கிளினிக்கில் பல் பிடுங்கும் பிரிவு மேல்மாடியில் இருந்தது. மூன்று பேரும் படிக்கட்டுக்குப் போனோம். அடியில் நின்றதும் லாத்தா சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, முகம் நிறையச் சிரிப்போடு மருத்துவரைப் பார்த்து மலாயில் கேட்டார். "டாக்டருக்குப் பிள்ளைகள் எத்தனை பேர்?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"இரண்டு பேர் மச்சிக். பெரியவன் ரொம்பக் குறும்பு. நேற்று என்ன செய்தான் தெரியுமா..." மருத்துவர் சொல்லிக்கொண்டே ஏறினார்.

"லெப்பாஸ் தூ?" என்றார் லாத்தா. அதே "அப்புறம்?"தான், மலாயில்.

மகன் கைத்தொலைபேசியை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்த கதையை மருத்துவர் ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். திருப்பத்தில் வந்ததும் பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். அவருக்கும் ஈர்க்குமாற்றுச் சத்தம் கேட்டுவிட்டது. கழுத்தில் தொங்கிய குழாயை எடுத்து, அந்தப் படியிலேயே லாத்தாவின் நெஞ்சில் வைத்தார். நெடுநேரம் அதை அங்கிருந்து எடுக்கவில்லை.

"மச்சிக், நீங்கள் பாய்க் இல்லை" என்றார் மெதுவாக.

லாத்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "ஏறிட்டேனே, டாக்டர்!"

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். படம் எடுத்தார்கள். என் வால்வு சரியாக மூடாதது, அவருடையது இறுகிப்போய்ச் சரியாகத் திறக்காதது. அதை எடுத்துவிட்டு வேறு வால்வு வைக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார்கள். மகன் ஓடிவந்தார். அவர் என்னைக் கோபித்துக்கொள்வார் என்று பயந்துகொண்டிருந்தேன். "அக்கா" என்று மட்டும் சொல்லி, என் பிள்ளைகளுக்கு வாங்கிவந்த ஆப்பிள் பையை நீட்டினார்.

அறுவைக்கு முதல் நாள் பார்க்கப் போனேன். மருத்துவமனைச் சட்டையில் பவுடரோடு உட்கார்ந்திருந்தார்.

"ஆப்பரேஷன் பண்ற டாக்டரு வர்றாராம். நோயாளி மாதிரியா இருக்கிறது?"

நான் அழுதேன். அவர் என் கையைத் தட்டினார்.

"உன் கதவு மூடாது, அதான் இந்தப் பேச்சுப் பேசுற. என் கதவு தொறக்காது, ஒண்ணும் சொல்லாம இருந்துட்டேன். ஆளுக்கொரு கதவு. போ, புள்ளைங்க தேடும்."

அவரை உள்ளே கொண்டுபோன நேரத்தில் நான் தொழிற்சாலையில் பிஸ்கட் பொட்டலத்துக்கு வாய் ஒட்டிக்கொண்டிருந்தேன். என் நெஞ்சு என்ன செய்தது என்று எனக்கு ஞாபகமே இல்லை. வால்வு பற்றித் தெரிந்த நாளிலிருந்து நான் அதைக் கவனிக்காமல் இருந்தது அன்று ஒருநாள்தான். சாயந்திரம் மகன் அனுப்பிய செய்தி வந்தது. அம்மா முழித்துவிட்டார்கள், முதலில் தண்ணீர் கேட்டார்கள், பிறகு உங்களைக் கேட்டார்கள்.

அவர் பயந்தது நடந்தது. மகன் ஜொகூர் பாருவுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். எதிர்வீட்டில் வேறு குடும்பம் வந்தது. நான் படிக்கட்டில் பேச ஆளில்லாமல் ஏறினேன். பேசாமல் ஏறினால் யோசனை வரும். ஒருநாள் அந்த யோசனை வந்தது.

அவர் என் கதையைக் கேட்கவே இல்லையோ? மூச்சு வாங்குவதற்காகத்தான் என்னைப் பேச விட்டாரோ? தரையில் ஒருதடவையாவது "நீ சொல்லு" என்றிருக்கிறாரா?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஆமா, அவங்களுக்கு மூச்சு வேணும், நீ ரேடியோ" என்று சொல்லிச் சிரித்தார். சும்மா சொன்னதுதான். ஆனால் மீன் முள் மாதிரி அது தொண்டையிலேயே நின்றுவிட்டது. என் வாழ்க்கையில் என்னைக் கேட்ட ஒரே ஆள் என்று நான் நினைத்திருந்தவர் அவர்.

சில மாதம் கழித்து பஸ் ஏறி அவரைப் பார்க்கப் போனேன். கீழேயே வந்து, என் பையை வாங்கிக்கொண்டார். கொஞ்சம் இளைத்திருந்தார். உதட்டில் நல்ல நிறம். காலில் அவருடைய சொந்தச் செருப்பு, சின்னது. பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். பக்கத்துவீட்டு மலாய்க்காரம்மா கரிபாப் கேட்டது, கீழ்க்கடைக்காரர் மைதாவில் ஏமாற்றப் பார்த்தது. லிஃப்டின் முன்னால் வந்ததும் பொத்தானை அழுத்தப்போன என் கையைப் பிடித்தார்.

"லிஃப்ட் வேணாம். அதுல ஒரு கத முடியுமா? டாக்டரு நடக்கச் சொல்லியிருக்காரு. கொஞ்ச மாடி படியில போயிட்டு அப்புறம் அதுல ஏறிக்கலாம்."

படிக்கட்டின் அடியில் நின்றோம். நான் வாயைத் திறக்கவில்லை. இப்போதுதான் அவருக்கு மூச்சு இருக்கிறதே, அவரே பேசட்டும் என்று இருந்தேன். அவர் பையைக் கை மாற்றினார்.

"சரி புள்ள. வண்டி பின்னால போச்சு, மாஸ்டர் கண்ண மூடிக்கிட்டாருன்னு சொன்னியே. அப்புறம்?"

அந்தக் கதையை நானே மறந்துபோயிருந்தேன்.

"அப்புறம்... அப்புறம் ஒண்ணுமில்ல லாத்தா. மாஸ்டர் பிரேக்க இழுத்துட்டாரு. நான் அதோட போகவே இல்ல."

அவர் முதல் திருப்பத்தில் நின்றார். மூச்சுக்காக நிற்கவில்லை. மூச்சுச் சத்தமே இல்லை. கோபத்தில் நின்றார்.

"மூச்சில்லாத நேரத்துலயும் கேட்டுருக்கேன் புள்ள உன் கதைய. பாதியில விட்டா எப்படி? ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் அந்த ஞாபகந்தான். அதுக்காகத்தான் உன்னயக் கேட்டேன்."

நான் மறுபடி மாஸ்டருக்குப் போன் போட்டேன். லைசன்ஸ் சோதனை நாளில் அதே மேடு, அதே மஞ்சள் கோடு. இந்தமுறை பக்கத்தில் யாரும் இல்லை. நெஞ்சு அடித்தது, வால்வா பயமா என்று தெரியவில்லை. இரண்டும்தான் இருக்கட்டுமே என்று பாதி கிளட்சில் பிடித்துக்கொண்டு பிரேக்கை விட்டேன்.

வெளியே வந்ததும் முதல் போன் லாத்தாவுக்கு.

"லாத்தா, வண்டி பின்னால போகல!"

அந்தப் பக்கம் எண்ணெயில் கரிபாப் பொரியும் சத்தம் கேட்டது. அதற்குமேல் அவர் குரல் வந்தது, நிறுத்தாமல், நீளமாக, ஒரே மூச்சில்.

"அப்புறம்?"